விளிம்பில் வெட்டிய எழுத்து

காங்கேசன்துறையிலிருந்து வந்த இரவுத் தபால் ரயில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் நின்றபோது இன்னும் விடியவில்லை. பெயர்தான் கோட்டை. நிலையம் நிற்பது புறக்கோட்டை மண்ணில். 1917 இல் திறந்த அந்த நீண்ட கூரையின் கீழ் நாட்டாமிமார் தோளில் துண்டோடு காத்திருந்தார்கள். என்னிடம் தூக்கிவிட ஒன்றும் இல்லை. ஒரு சிறிய பை, அதற்குள் ஒரு மாற்றுடுப்பு, மருந்துகள், துரு ஏறிய ஒரு பிஸ்கட் தகரம். தகரத்துக்குள் மூன்று பொருட்கள்: ஓர் உரைகல், ஒரு சாமணம், ஒரு பதக்கம். மூன்றும் என் தந்தையுடையவை. நாங்கள் அவரை ஐயா என்றே கூப்பிடுவோம்.

1936 இல், பதினைந்து வயதில், ஐயா இதே மேடையில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் பரம்பரையாகப் பொன் வேலை செய்த குடும்பம். வீட்டில் பிள்ளைகள் கூட, பட்டறையில் வேலை குறைவு. செட்டியார் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த அம்மான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அன்று தொடங்கி 1983 வரை, இரண்டாம் உலகப் போருக்குப் போன ஐந்து ஆண்டுகள் நீங்கலாக, இந்த நிலையத்துக்கும் செட்டியார் தெருவுக்கும் இடையே உள்ள வீதிகளே ஐயாவின் உலகம். வருடத்தில் இரண்டு முறை ஊருக்கு வருவார். நான் பிறந்த 1956 இல்தான் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அந்த ரயிலின் சத்தத்தை ஐயா வரும் சத்தமாகவே நான் குழந்தையில் அறிந்திருந்தேன்.

ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையை 1990 இல் உள்நாட்டுப் போர் அறுத்தது. யாழ்ப்பாணம்வரை மீண்டும் ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். ஐயா அதைக் காணவில்லை. 1996 மாசியில் அவர் கண்ணை மூடினார். அவர் போய் முப்பது ஆண்டு நிறையும் இந்த வேளையில், அவர் நடந்த வழியை ஒருமுறை முழுதாக நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்காகவே வந்தேன்.

நிலைய வாசலில் கேணல் ஒல்கொட் சிலையாக நிற்கிறார். அவரைத் தாண்டி, பஸ் நிலையங்களின் இரைச்சலைத் தாண்டி, கோட்டையும் புறக்கோட்டையும் முட்டும் இடத்துக்கு வந்தேன். அங்கே கான் மணிக்கூட்டுக் கோபுரம். கொழும்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதன் நிழலில் நின்று யாருக்காவது காத்திருந்திருப்பார்கள். அதில் பதித்த கல்லை வாசித்தவர்கள் குறைவு. பம்பாயிலிருந்து வந்து எண்ணெய் ஆலை நடத்திய பார்சி குடும்பத்தைச் சேர்ந்த பிரம்ஜி பிக்காஜி கானின் நினைவாக அவருடைய இரண்டு பிள்ளைகள் எழுப்பிய கோபுரம் அது. தந்தை இறந்த 45 ஆம் ஆண்டு நிறைவில், 1923 ஜனவரி 4 ஆம் திகதி, ஊர் மக்களுக்கென்று மாநகர சபையிடம் கையளித்தார்கள்.

நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் தந்தையை மறவாத பிள்ளைகள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது மனம் கனத்தது. ஐயாவும் தினமும் இதைப் பார்த்துத்தான் பட்டறைக்கு ஓடியிருக்கிறார். அவருக்கு நான் என்ன எழுப்பினேன்? கோபுரம் கட்ட என்னிடம் பணம் இல்லை. எழுதத் தெரியும். முப்பது ஆண்டாக எழுதாமல் இருந்துவிட்டேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். காலை வெளிச்சத்தில் பாரந்தூக்கிகளின் தலைகள் தெரிந்தன. ஐயாவின் போர் அங்கேதான் நடந்தது.

1939 இல் போர் மூண்டதும் இலங்கைப் பாதுகாப்புப் படையைத் திரட்டினார்கள். ஊரில் கல்யாணங்கள் சுருங்கி, பட்டறைகளில் நெருப்பு அவிந்திருந்த காலம். 1941 இல் ஐயா படையில் சேர்ந்தார். துறைமுகத்தைக் காத்து நின்ற இலங்கைக் காவற் பீரங்கிப் படையில் அவரை எடுத்தார்கள். என்ன வேலை தெரியும் என்று கேட்ட அதிகாரி, பதிலைக் கேட்டதும் அவருடைய விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அதன் பிறகு ஐயா குண்டு சுமக்கவில்லை. பீரங்கியின் குறிபார்க்கும் கருவிகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டும் வேலை. கடற்காற்றில் பித்தளை பச்சையாகப் பூக்கும். நெல்மணியளவு திருகுகள் இறுகிவிடும். பெரிய சுத்தியலோடு பழகிய கைகளுக்கு அது வசப்படாது. குன்றிமணி நிறையில் பொன்னைக் கையாண்ட கைகளுக்கு அது பழகிய வேலை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது அடுத்தது கொழும்பு என்று எல்லோரும் பேசினார்கள். ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த பேர்ச்சல் என்ற கனடிய விமானி, இலங்கையின் தெற்கே ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். செய்தி மட்டும் வந்து சேர்ந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பல இரவோடிரவாகக் கடலுக்குள் கலைந்துபோயின. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. எட்டு மணியாக இன்னும் சற்று இருக்கும்போது விமானங்கள் வந்தன. துறைமுகத்துக்குள் டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. தூரக் கடலில் அதே நாளில் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் அமிழ்ந்து 400க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது.

ஐயா அந்தக் காலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார். குறிக்கருவி ஒன்றைக் கழற்றி வைத்திருந்தாராம். மூன்று சின்னத் திருகுகள் வாயில். சிறு பொடிகளை உதட்டுக்குள் ஒதுக்கி வைத்து வேலை செய்வது பட்டறைப் பழக்கம். முதல் குண்டு விழுந்ததும் எல்லோரும் நிலத்தில் படுத்தார்கள். ஐயாவும் படுத்தார். எல்லாம் ஓய்ந்து எழுந்து, கருவியைத் திரும்பப் பூட்டி, மூன்றாவது திருகையும் முறுக்கிய பிறகுதான் வாயைத் திறந்தாராம்.

“பயமில்லையோ ஐயா?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

“பயமில்லாமல் என்ன? ஆனால் ஒரு திருகு துலைஞ்சால் பீரங்கிக்குக் கண் போயிடும். அந்த நேரத்திலை உதை ஆர் கடைஞ்சு தாறது?”

குண்டுவீச்சுக்குப் பிறகு கொழும்பே வெறுமையானது. ரயில்களில் தொங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் பலர். அம்மானும் யாழ்ப்பாணம் போய்விட்டார். வந்துவிடு என்று ஐயாவின் தாய் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். கையெழுத்து வைத்துவிட்டேன், வர ஏலாது என்று ஐயா பதில் எழுதினார்.

அவர் அதிகம் பேசாத இன்னொரு விஷயமும் உண்டு. 1942 மே மாதம், அதே பீரங்கிப் படையின் ஒரு பிரிவு கொக்கோஸ் தீவுகளில் இருந்தது. வெள்ளை அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சில இலங்கைப் படையினர் மே 8 ஆம் திகதி இரவு எழுந்தார்கள். சில மணி நேரத்தில் கலகம் அடங்கிற்று. கிரேஷியன் பெர்னாண்டோவையும் இன்னும் இருவரையும் ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கில் போட்ட பொதுநலவாயப் படையினர் அந்த மூவர் மட்டுமே. “எங்களோடை ஒரே கோப்பையிலை தேத்தண்ணி குடிச்ச படைப் பொடியள்” என்று ஒருமுறை சொன்னார். அதன் பிறகு நெடுநேரம் அரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிரதான வீதியில் ஏழு மணிக்கே சாமான் இறங்குகிறது. புறக்கோட்டையில் தெருவுக்கொரு தொழில். முதலாம் குறுக்குத் தெருவில் மின் சாமான், நாலாம் குறுக்குத் தெருவில் மிளகாயும் வெங்காயமும் பருப்பும், கபோஸ் லேனில் மருந்துச் சரக்கு, மலிபன் வீதியில் காகிதம். கண்ணைக் கட்டிவிட்டாலும் மணத்தை வைத்தே தெருவைச் சொல்லலாம் என்பார் ஐயா. மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிவரும் நாட்டாமி “வழி, வழி” என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்திக்கொண்டு வந்தார். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன்.

இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல் முன் நின்றேன். செங்கல்லும் வெள்ளையும் மாறி மாறி வரியிட்ட சுவர்கள், மாதுளம்பழ வடிவக் குமிழ்கள். 1908 இல் தொடங்கி 1909 இல் முடித்த கட்டடம். வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக்கலை முறையாகப் படித்தவரல்லர். படங்களைப் பார்த்து, கேட்டறிந்து, கையறிவால் எழுப்பினார். கப்பலில் வருகிறவர்கள் கொழும்பை இந்தக் குமிழ்களால் அடையாளம் கண்ட காலம் ஒன்று இருந்தது. ஐயாவுக்கு இந்தப் பள்ளிவாசல் மீது தனி மரியாதை. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களை இங்கே கூட்டிவந்து காட்டுவாராம். பள்ளிக்கூடம் போகாத கையும் இதைச் செய்யும் என்று சொல்வதற்கு அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வீதியின் கடைசியில், ஐந்துலாம்புச் சந்திக்குச் சற்று முன், பழைய கைமன் வாசலின் மணி தொங்குகிறது. டச்சுக்காரரின் கோட்டை அகழியில் முதலைகள் இருந்ததாகவும் அதனால் அந்தப் பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் செட்டியார் தெரு.

தெரு மாறிவிட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கடைகள், வெள்ளை விளக்குகள், வாசலில் நின்று “வாங்கோ அக்கா, பாத்திட்டுப் போங்கோ” என்று அழைக்கும் பொடியன்கள். மாறாதவை கதிரேசன் கோயில்கள். ஆடிவேலுக்கு இங்கிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் புறப்படும். அன்றைக்கு ஐயா பட்டறையைப் பூட்டிவிட்டு, கழுவிய வேட்டியோடு தேருக்குப் பின்னே நடப்பார்.

ஐயாவின் பட்டறை ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. ஏணிபோல் செங்குத்தான மரப்படி. பள்ளி விடுமுறைக்கு வரும்போது அந்தப் படியில் நான் நாலு காலில் ஏறியிருக்கிறேன். மேலே ஒரு சன்னல், அதன் கீழ் தாழ்ந்த பலகை, குமுட்டி அடுப்பு, பக்கத்தில் ஊதுகுழல், மூசை, வெங்காரம் வைத்த சிரட்டை, அரங்கள், கொறடுகள், கம்பியச்சு. இந்தப் பெயர்களையெல்லாம் நான் எழுத்துப் படிக்கும் முன்னரே படித்தேன்.

ஐயா கம்பி இழுப்பதைப் பார்ப்பது ஒரு பூசை பார்ப்பதுபோல இருக்கும். உருக்கி வார்த்த பொன் குச்சியை முதலில் தட்டித் தட்டி மெலிதாக்குவார். நுனியை அரத்தால் கூராக்குவார். கம்பியச்சு என்பது உருக்குத் தகடு. அதில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள். கூரான நுனியை முதல் துளையில் நுழைத்து, மறுபக்கம் கொறடால் பற்றி, ஒரே மூச்சில் இழுப்பார். பிறகு அடுத்த துளை. அதன் பிறகு அடுத்தது. மூன்று நான்கு துளை தாண்டினால் பொன் முறுகிவிடும். மேலும் இழுத்தால் அறும். அப்போது கம்பியைச் சுருட்டிக் குமுட்டியில் வைத்துச் செந்நிறம் காணும்வரை காய்ச்சி ஆற விடுவார். திரும்பவும் அது பட்டுப்போல வளையும்.

“பொன்னுக்கும் இளைப்பாறுதல் வேணும் மோனே. விடாமல் இழுத்தால் அறுந்துபோம்” என்பார்.

அந்தக் கம்பியை உருக்குக் கம்பியில் சுற்றி, வெட்டி, வளையம் வளையமாகக் கோத்து, ஒவ்வொரு இணைப்பிலும் கடுகளவு பொடி வைத்து, ஊதுகுழலால் நெருப்பை ஊசிமுனையாக்கி ஒட்டுவார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்யாணம் நிச்சயமான வீடுகளுக்குப் பொன்னுருக்குக்குப் போவார். மாப்பிள்ளை வீட்டில், நிறைகுடமும் தேங்காயும் வைத்த இடத்தில், சுற்றி நின்று எல்லோரும் பார்க்க, நாணயத்தை உருக்குவார். அன்றைக்கு மட்டும் பட்டறை ஆள் சபையின் நடுவில் இருப்பார். உருகிய பொன் தாலியாகும். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படைப் பவுணில் கொடி செய்வார். அவர் செய்த கொடிகள் இன்று கொழும்பிலிருந்து டொரொன்டோவரை எத்தனை கழுத்துகளில் கிடக்கின்றனவோ. ஒன்றிலாவது அவர் பெயர் இல்லை. பத்தர் நகையில் பெயர் வெட்டுவதில்லை.

எங்கள் தொழிலின் மேல் ஒரு பழைய கறை உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொலைக்குக் காட்டிக்கொடுப்பவன் ஒரு பொற்கொல்லன். தாயின் பொன்னிலும் தட்டான் கொஞ்சம் எடுப்பான் என்று ஊர் பழமொழி பேசும். நகை கொடுக்க வருகிறவர் அந்தச் சந்தேகத்தையும் மடியில் கட்டிக்கொண்டே படியேறுவார். அது ஐயாவுக்குத் தெரியும். அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. வாடிக்கையாளருக்கு முன்னால் நிறுப்பார். வேலை முடிந்ததும் முன்னால் நிறுப்பார். சேதாரம் இவ்வளவு என்று தூளையும் சேர்த்துக் காட்டுவார். அவர் அந்தப் பழமொழிக்குச் சொன்ன பதில் தராசு.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. 1939-1945 யுத்தப் பதக்கம். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முகம், மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். ஐயா அதை முதலில் என்ன செய்தார் என்பதை எனக்குப் பன்னிரண்டு வயதில் திரும்பச் செய்து காட்டினார். உரைகல்லில் விளிம்பைத் தேய்த்தார். வெள்ளைக் கோடு விழுந்தது. அதன் மேல் ஒரு துளி திராவகம். கோடு கரைந்து பச்சை காட்டியது. பிறகு ஒரு துளி உப்புத் தண்ணீர்.

“வெள்ளியெண்டால் இப்ப பால் திரைஞ்ச மாதிரி வெள்ளையாய் வரும். வருதே, பார்.”

வரவில்லை.

“செம்பும் நிக்கலும். போகட்டும். செய்த கை நல்ல கை. சிங்கத்தின்ரை பிடரியைப் பார், எவ்வளவு வடிவாய் வெட்டியிருக்கிறான்.”

உலோகத்தின் மதிப்பை ஒரு நொடியில் சொல்லிவிட்டு, முகமறியாத ஒரு செதுக்குகாரனின் திறமையை மெச்சினார். இதுதான் என் தந்தை.

பிரித்தானிய அரசு அந்தப் பதக்கங்களில் பெற்றவர் பெயரைப் பொறிக்கவில்லை. எல்லாப் பதக்கமும் ஒன்றுபோலவே வந்தன. ஐயா செதுக்குளியை எடுத்து, தீக்குச்சித் தடிப்புள்ள அந்த விளிம்பில், தாமே எழுத்து வெட்டினார். பெயரை வெட்டவில்லை. “கன்னாதிட்டித் தட்டான்” என்று வெட்டினார். ஊர் ஏளனமாகச் சொன்ன அந்தச் சொல்லை மன்னர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டேன்.

“பேர் எனக்கு மட்டும்தானே மோனே. இது அப்புவுக்கும் பேரனுக்கும் எல்லாருக்கும்.”

அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் நான் அவர் பெயரை எழுதவில்லை.

பட்டறை இருந்த கட்டடம் இன்று இல்லை. அந்த இடத்தில் புதிய கட்டடம் ஒன்று நிற்கிறது. 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரத்தில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தபோது அதுவும் எரிந்தது. ஐயாவுக்கு அப்போது 62 வயது. கொட்டாஞ்சேனையில் அவர் தங்கியிருந்த அறைக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டுக்குள் மறைத்து வைத்தது. அவர்கள் இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுதவேண்டி வந்திருக்கும்.

பிறகு போய்ச் சேர்ந்த அகதி முகாமிலிருந்து, ஊரடங்கு தளர்ந்த ஒரு பகலில், ஐயா தனியாகச் செட்டியார் தெருவுக்குப் போனார். மேல்மாடி கீழே விழுந்து கிடந்தது. சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவினார். இரும்புப் பெட்டி விரிசலோடு அடியில் இருந்தது. உள்ளே வேலைக்கு வந்திருந்த நகைகள், பாதி உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போய். கணக்குப் புத்தகம் சாம்பல். அவர் எல்லாவற்றையும் துணியில் கட்டிக்கொண்டு கப்பலேறினார். காங்கேசன்துறைத் துறையில் நான் காத்து நின்றேன். மெலிந்த உருவம் ஒன்று பிஸ்கட் தகரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காகிதம் கேட்டார். பதினான்கு பேர். யார் என்ன கொடுத்தார், எத்தனை பவுண், எத்தனை மஞ்சாடி என்று நினைவிலிருந்து எழுதினார். நிறுத்துப் பார்த்தபோது பொன் குறைந்தது. அம்மாவின் ஏழு பவுண் கொடியிலிருந்து நாலு பவுண் அதற்குப் போனது. அம்மா கழற்றிக் கொடுத்தபோது ஒரு சொல் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளில் பதினான்கு பேருக்கும் அவரவர் நிறை போய்ச் சேர்ந்தது. சிலர் வெளிநாடு போயிருந்தார்கள். அவர்களுடைய உறவினரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். எரிந்த நகைக்கு யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டவர்களும் இல்லை.

இன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு மாடிப் பட்டறைக்குள் என்னை ஏற விட்டார் ஒரு வயதான பத்தர். சங்கிலியெல்லாம் இப்போது இயந்திரத்தில் வருகிறது, எங்களுக்கு அறுந்ததை ஒட்டுகிற வேலைதான் அதிகம் என்றார். ஐயாவின் உரைகல்லைக் கொடுத்தேன். எண்ணெய் தொட்டுத் துடைத்து, தன் மோதிரத்தை உரைத்துப் பார்த்தார். “நல்ல கல். இப்ப உப்பிடிக் கல் கிடையாது. ஆற்றை?” என்றார். சொன்னேன். அவர் ஐயாவை அறியார். ஆனாலும் கல்லை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பித் தந்தார்.

தெருவின் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. பொன்னம்பலவாணேசர் கோயில் அங்கே முழுக் கருங்கல்லில் நிற்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லால் எழுப்பிய கோயில் அது. தூணில் சிற்பியின் பெயர் தேடினேன். பக்கத்தில் அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21, அதுவும் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. இங்கும் மற்ற இடங்களிலும் வெடித்த குண்டுகளில் 250க்கும் மேற்பட்டோர் அன்று கொல்லப்பட்டார்கள். ஐயா செவ்வாய்க்கிழமைகளில் இங்கே வந்து மெழுகுதிரி ஏற்றுவார். கதிரேசனைக் கும்பிட்ட கை அந்தோனியாரையும் கும்பிடும். இது புறக்கோட்டை வழக்கம். நானும் ஒரு திரி ஏற்றினேன்.

மதியத்துக்குப் பிறகு ஓட்டோ பிடித்து விகாரமகாதேவி பூங்காவுக்குப் போனேன். அங்கே போர் நினைவுத் தூண் இருக்கிறது. லண்டனின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது. கான் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்த அதே 1923 இல் காலிமுகத்திடலில் நிறுவினார்கள். இரண்டாம் போரில் ஜப்பானியர் குறிபார்க்க அது அடையாளமாகிவிடும் என்று அஞ்சிக் கழற்றி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கல்லில் பெயர்கள். மாண்டவர்களின் பெயர்கள். ஐயா உயிரோடு திரும்பியவர், ஆகவே அவர் இங்கே இல்லை.

உயிரோடு திரும்பியவர்களை நாடு எப்படி நடத்தியது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரின் நினைவு நாளான நவம்பர் 11 ஆம் திகதிதோறும் விற்ற பொப்பிப் பூவின் பணத்தில் பெரும்பகுதி கடல் கடந்து போயிற்று. உள்நாட்டு முன்னாள் படையினருக்கு உதவ வேண்டும் என்று ஏலியன் பெரேரா 1931 இல், சிங்களத்தில் சூரியமல் எனப்படும் பூவரசம் பூவை விற்கத் தொடங்கினார். அந்தச் சூரியமல் இயக்கத்தை இளைஞர்கள் எடுத்துக்கொண்டு ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தார்கள். முதல் போரில் இருந்து திரும்பியவர்களுக்காக எழுந்த குரல் அது. இரண்டாம் போரில் இருந்து திரும்பிய என் தந்தைக்கு ஒரு நிக்கல் வட்டமும் ரயில் பயணச் சீட்டும் கிடைத்தன. அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. குறை என்று நான் சொல்கிறேன்.

மாலை வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் கொடி ஐயா செய்தது. 1974 இல், தன் மகளுக்கென்று, இரவில் மற்ற வேலையெல்லாம் முடித்த பின் இரண்டு மாதம் செய்தார். அக்கா அதைக் கழற்றி மேசை விளக்கின் கீழ் வைத்தார். பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு வளையமாகப் பார்த்தேன். ஐம்பது ஆண்டு கழுத்தில் கிடந்து தேய்ந்திருக்கிறது. எந்த வளையத்திலும் ஒட்டிய இடம் எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, உள்நாட்டுப் போரில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, 74 வயதில், ஐயா ஒரு கையில் தடியும் மறுகையில் அந்தத் தகரமுமாக நடந்தார். வீட்டுக்குத் திரும்பாமலே, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், மூன்றரை மாதம் கழித்து இறந்தார். கடைசி நாட்களில் விரல்கள் போர்வையின் நூலை எடுத்து இழுத்துக்கொண்டே இருந்தன. கம்பி இழுக்கும் அதே அசைவு.

இதை வாசிப்பவரிடம் ஒன்று கேட்கிறேன். கைத்தொழிலால் குடும்பம் காத்த ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். தச்சர், கொல்லர், தையற்காரர், மெக்கானிக், நெசவாளர், அச்சுக்கோத்தவர். அவருக்குக் கோபுரம் எழும்பாது, கல்லில் பெயர் வராது. அவர் இருக்கும்போதே பக்கத்தில் போய் இருங்கள். தொழிற்கருவிகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, தொழில் சொல்லித் தந்தவர் யார், எந்த வேலையை நினைத்து இன்றும் மகிழ்கிறார் என்று கேளுங்கள். கேட்டதை அன்றிரவே எழுதி, திகதி போட்டு வையுங்கள். நான் ஐயாவிடம் கேட்க மறந்தவை பல. கம்பியச்சில் எத்தனை துளைகள் என்பதுகூட எனக்குத் தெரியாது.